மூன்று மில்லிமீட்டர்

முதலில் வில் இல்லை.
புளியந்தோப்பு கஸாலி பாய் கடையில்
பத்தொன்பது எம்.எம். ப்ளைவுட்,
மூலை நைந்த துண்டுகள் இரண்டு.
"கப்போர்டுக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
வில்லுக்கு என்றால் விலை ஏறாது,
பேச்சு ஏறும்.

பெரம்பூர் வரை ஷேர் ஆட்டோவில்
என் மடியிலும் பக்கத்துப் பெண்ணின் காய்கறிப் பையிலும்
பாதிப் பாதியாக இடித்துக்கொண்டு வந்தன
இன்னும் எதுவும் ஆகாத பலகைகள்.

பகலெல்லாம் எனக்கு ஏசி டக்ட் வரைகிற வேலை.
தொண்ணூறு டிகிரி, தொண்ணூறு டிகிரி,
எப்போதாவது கருணையாக ஒரு நாற்பத்தைந்து.
காற்றைக்கூட மூலை திரும்பித்தான் போகச் சொல்வேன்.
"கொஞ்சம் வளைஞ்சு குடுங்க" என்பார் மேனேஜர்,
ஓவர்டைம் கேட்டால்.

அதனால்தான் என்று சொல்லமாட்டேன்.
ஏன் என்று ரெஜினா கேட்டபோது
என்னிடம் பதில் இல்லை,
மளிகைக் கடைக் காலண்டரின் அட்டை இருந்தது.

அதன் முதுகில் பாதி வில் மட்டும் வரைந்தேன்.
ஆறு ஆணி; அவற்றில் சாய்த்த
ஒயரிங் கேசிங் பட்டை ஒன்று.
அது எப்படி வளைய விரும்பியதோ அப்படி.
மறுபாதிக்கு அட்டையைத் திருப்பிப் போட்டால் போதும்.
முருகன் ஒருமுறை வானம் பார்த்தார்,
ஒருமுறை பலகை பார்த்தார்.
நடுக்கோட்டில் பென்சில் கனம் பிசகினால்
திருப்பும்போது அது இரண்டு பென்சில் கனம்.
இது அன்றைக்குத் தெரியவில்லை.

மொட்டை மாடி, சின்டெக்ஸ் நிழல்.
ஜிக்சா கத்தியது.
கீழ்வீட்டுக் கோதண்டம் சார்
முதல் நாள் இருமினார்,
மறுநாள் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தார்.
நான் உப்புத்தாளுக்கு மாறினேன்.
கட்டைவிரல் எங்கும் தடுக்காத வரை
தேய்த்தேன், ஊதினேன், தேய்த்தேன்.
பசை அச்சைப் பிடிக்காமலிருக்க
விளிம்பு முழுக்கப் பார்சல் டேப்.
ஜமாலியா பஞ்சர் கடையில்
எடைக்கு வாங்கிய சைக்கிள் ட்யூப் எட்டு,
நீளவாக்கில் கிழித்ததும் பதினாறு.

ஞாயிறு. கத்திரி வெயில்.
பசை டப்பாவில் முப்பது நிமிஷம் என்றிருந்தது.
அது வேறு ஏதோ ஊர் நிமிஷம்.
தேக்குப் பட்டை, அதன்மேல் தேக்கு,
எல்லாவற்றுக்கும் மேல் மூங்கில்.
மூன்றும் மீன்போல வழுக்க,
ஒரு கை ட்யூபில், ஒரு கை நடுக்கோட்டில்,
மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

அப்போதுதான் படியேறி வந்தார்
பெயரிலேயே வில் வைத்திருக்கும் மனிதர்.
"ஞாயித்துக்கிழமையாவது மனுஷன்..."
"சார், இதைப் பிடிங்க."
பிடித்துவிட்டார்.

அவர் குந்தியிருக்க நான் சுற்றினேன்.
"நல்லா இழுப்பா, இன்னும் இழு" என்றார்.
இடுக்கில் பிதுங்கிய பசை
தேன்நிறத்தில் அவர் லுங்கிமேல் சொட்டியது.
இருவரும் பார்த்தோம்.
இருவரும் விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் ட்யூபை அவிழ்த்தேன்.
அச்சை விட்டதும்
இரண்டு விரல் நிமிர்ந்தது வில்.
நான் சொன்ன வளைவில்
தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு.
கயிறு பூட்டினால்
காது கேளாதவர்போல ஒரு பக்கம் தலை சாய்த்தது.
ஸ்கேல் வைத்தேன்: மூன்று மில்லிமீட்டர்.
"எனக்கும் வலது தோள் இறக்கம்தான்,
ஜாக்கெட் தைக்கிறவருக்குத் தெரியும்" என்றாள் ரெஜினா,
இழுத்துப் பார்த்து, விடாமல் திருப்பித் தந்தாள்.

வில் கதவுக்குப் பின்னால் இருக்கிறது.
அச்சில் இறுகிய பசையை உளியால் சுரண்டி
பக்கவாட்டில் பென்சிலால் எழுதினேன்:
இடது 3 குறை. நடுவிலிருந்து தொடங்கு.

நேற்று கொடியில்
காய்ந்துகொண்டிருந்தது கோதண்டம் சாரின் லுங்கி.
எத்தனை துவைத்தும் போகவில்லை.
காற்றுக்கு மற்றதெல்லாம் ஆட
முழங்கால் பக்கம் மட்டும் விறைத்து நின்றது,
அந்த ஞாயிறு
அவர் குந்தியிருந்த வளைவில்.